கிராஃப் வானத்தின் போட்டோ இல்லை

வானவியல் கணக்குகளில் எந்த இடத்தில் தடுக்குகிறது, எழுதி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். ஃபார்முலா மறந்துபோகிறது என்று எழுதியவர்கள் ரொம்பக் குறைவு. வந்ததெல்லாம் படத்தையும் கிராஃபையும் பற்றிய கேள்விகள். அதிலும் கொடைக்கானல் பக்கமிருந்தும் நீலகிரியிலிருந்தும் வந்தவைதான் அதிகம். பனிக்கால இரவுகளில் மேலே அப்படி ஒரு வானம் விரிந்து கிடந்தால் ஆசை வராமல் இருக்குமா? இந்த இதழ் மலைக்காரர்களுக்கே.

கேள்வி: டீச்சர், சூரியனின் இரண்டு படங்களைக் கொடுத்து, கரும்புள்ளி நகர்ந்ததை வைத்து சூரியன் தன்னைத்தானே சுற்ற எத்தனை நாள் ஆகும் என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். படத்தில் சூரியனின் விட்டம் 20 செ.மீ. முதல் நாள் புள்ளி நடுவிலிருந்து இடப்பக்கம் 5 செ.மீ. தள்ளி இருக்கிறது, 4 நாள் கழித்து வலப்பக்கம் 3.9 செ.மீ. எனக்கு 18 நாள் வருகிறது. புத்தகத்தின் பின்பக்க விடை 27. இன்னொரு புத்தகத்தில் 25 என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?
– பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி, கொடைக்கானல்

பதில்: 27, 25 இரண்டையும் நம்பலாம். 18-ஐ மட்டும் விட்டுவிடுங்கள்.

18 எப்படி வந்தது என்பது தெரிகிறது. 5-ஐயும் 3.9-ஐயும் கூட்டினால் 8.9 செ.மீ., அதற்கு 4 நாள் என்றால் 20 செ.மீ.க்கு 9 நாள், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்துக்கு இன்னொரு 9. கூட்டல் கழித்தலில் குறையே இல்லை. ஆனால் நீங்கள் அளந்தது தாளில் உள்ள வட்டத்தை, புள்ளி நகர்ந்ததோ ஒரு உருண்டையின் மேல். உருண்டையின் நடுவில் 10 டிகிரி நகர்ந்தால் தாளில் நன்றாகவே நகர்ந்த மாதிரி தெரியும்; அதே 10 டிகிரி விளிம்புக்குப் பக்கத்தில் நடந்தால் புள்ளி அசையவே இல்லையோ என்று சந்தேகம் வரும், ஏனென்றால் அங்கே அது பெரும்பாலும் நம்மை விட்டு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் செ.மீ.யை முதலில் கோணமாக மாற்ற வேண்டும். புள்ளி நடுக்கோட்டை ஒட்டி இருப்பதாக வைத்துக்கொண்டால் வேலை சுலபம்: நடுவிலிருந்து உள்ள தூரத்தை ஆரத்தால் வகுங்கள், அந்தக் கோணத்தின் சைன் அதுதான். 5-ஐ 10-ஆல் வகுத்தால் 0.5, அது 30 டிகிரி. 3.9-ஐ 10-ஆல் வகுத்தால் 0.39, அது 23 டிகிரி. ஆக 4 நாளில் 53 டிகிரி, ஒரு நாளைக்கு 13.25. 360-ஐ இதனால் வகுத்தால் 27 நாளும் கொஞ்சமும்.

அப்போது 25? நாம் நின்று பார்க்கும் பூமியும் சும்மா இல்லை. புள்ளி போகும் அதே திசையில் நாமும் சூரியனைச் சுற்றி நாளுக்கு ஏறக்குறைய 1 டிகிரி நகர்கிறோம், அதனால் புள்ளி உண்மையில் போனதைவிடக் குறைவாகப் போனதுபோல் நமக்குத் தெரிகிறது. அந்த 1 டிகிரியையும் சேர்த்தால் 14.25, 360-ஐ வகுத்தால் 25 நாள் சொச்சம். பூமியிலிருந்து பார்த்த கணக்கு 27, நட்சத்திரங்களை வைத்துப் பார்த்த கணக்கு 25. கேள்வித்தாளில் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு எழுதுங்கள். (துருவங்களை நோக்கிப் போகப் போக சூரியன் இன்னும் மெதுவாகச் சுற்றுகிறது, 30 நாளையும் தாண்டும். கெட்டிப் பொருளாக இருந்தால்தானே மொத்தமும் சேர்ந்து சுற்றும்.)

இதைச் செய்துபார்க்க உங்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள் கிடையாது. உங்கள் ஊரில் 1899-ல் அமைந்த சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது, நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்தத் தட்டுகளையும் ஃபிலிம்களையும் டிஜிட்டலாகவும் மாற்றிவிட்டார்கள். அடுத்தடுத்த நாட்களின் படங்களை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நேரில் பார்த்தே தீருவேன் என்றால் டெலஸ்கோப்பில் கண்ணை வைக்காதீர்கள். பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படி விழும் பிம்பத்தில் இடம் வலம் மாறிப்போயிருக்கலாம். புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று இரண்டாம் நாளே பார்த்துக் குறித்துவிடுங்கள்.

கேள்வி: என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள். பிறைகளின் படத்தில் பூமியைச் சுற்றி எட்டு நிலா போட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு நிலா வேறு. அதைப் பார்த்து "அரைநிலா எப்போது உதிக்கும்" என்று எப்படிச் சொல்வது? எனக்கே தலை சுற்றுகிறது.
– இல்லத்தரசி, குன்னூர்

பதில்: தலை சுற்றுவது நியாயம்தான். அந்த ஒரே படத்துக்குள் இரண்டு பேர் பார்த்த காட்சி இருக்கிறது. உள்வட்டத்தில் இருப்பது பூமியின் வட துருவத்துக்கு மேலே வெகு தூரத்தில் இருந்து ஒருவர் கீழே பார்த்தால் தெரிவது. அவருக்கு எல்லா நிலாவும் எப்போதும் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. வெளிவட்டத்தில் இருப்பது உங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரிவது. முதலில் பெண்ணிடம் வெளிவட்டத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு உள்வட்டத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெயில் வலப்பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பூமியின் மேல் ஒரு குட்டி மனிதனைக் குச்சியாக வரையுங்கள். வலப்பக்கம் நின்றால் அவனுக்கு நடுப்பகல். பூமி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவதால் அடுத்து மேலே வருவான், அப்போது மாலை 6 மணி. இடப்பக்கம் நள்ளிரவு. கீழே காலை 6. இந்த நான்கையும் பென்சிலால் எழுதியாயிற்றா, இனி அந்தப் படமே கடிகாரம். வளர்பிறை அரைநிலா படத்தில் மேலே இருக்கிறது, ஆகவே மாலை 6 மணிக்காரனுக்கு அது நேர் உச்சியில். உச்சிக்கு வர 6 மணி நேரம் முன்பே உதித்திருக்க வேண்டும், அப்படியானால் உதித்தது நடுப்பகல் 12-க்கு, மறைவது நள்ளிரவில். தேய்பிறை அரைநிலா கீழே, அது நள்ளிரவில் உதித்துக் காலை 6-க்கு உச்சியில் நிற்கும். மீதி ஆறு நிலாவையும் அவளே போட்டுவிடுவாள். உங்கள் ஊரில் மேற்கே ஒரு மலை நின்றால் நிலா சொன்ன நேரத்துக்கு முன்பே காணாமல் போகும், அதற்குப் புத்தகத்தைத் திட்ட வேண்டாம்.

அந்தப் படம் சொல்லும் பெரிய பொய் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அளவு. பூமியை 1 செ.மீ. வட்டமாக வரைந்தால் நிலாவை 30 செ.மீ. தள்ளி, கால் செ.மீ.யைவிடச் சற்றே பெரிய பொட்டாகப் போட வேண்டும். எந்தப் புத்தகத்தில் அதற்கு இடம் இருக்கிறது? பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள், அதைப் பார்க்கும் பிள்ளைகள் பூமியின் நிழல் விழுந்துதான் பிறை வருகிறது என்றும், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் வரவில்லை என்றும் குழம்புகிறார்கள். நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருக்கிறது, 30 செ.மீ. தூரத்தில் 5 டிகிரி என்றால் இரண்டரை செ.மீ.க்கு மேல். 1 செ.மீ. பூமியின் நிழலைத் தாண்டி ஏறியோ இறங்கியோ போக அது தாராளமாகப் போதும்.

இன்னொன்று. பல பாடப் படங்களில் பிறை அடைப்புக்குறி மாதிரி நிமிர்ந்து நிற்கும். அது வடக்கே வெகு தொலைவில் உள்ள நாடுகளில் தெரியும் கோலம். நம் அட்சரேகையில் மூன்றாம் பிறை பெரும்பாலும் படகுபோல் படுத்துத்தான் தெரியும்.

கேள்வி: ஹெச்.ஆர். வரைபடத்தில் கிடை அச்சு தலைகீழாக இருக்கிறதே, ஏன்? அதிலிருந்து நட்சத்திரத்தின் ஆரத்தை எப்படி எடுப்பது? ஃபார்முலா தெரியும், ஆனால் கிராஃபில் மதிப்பைப் படிக்கும்போதே தப்பாகிறது.
– பிளஸ் டூ மாணவர், ஊட்டி

பதில்: நட்சத்திரங்களின் வெளிச்சத்தை நிலை அச்சிலும் சூட்டைக் கிடை அச்சிலும் வைத்துப் போடும் கிராஃப் இது, ஹெர்ட்ஸ்பிரங், ரசல் என்ற இருவர் 1910-களில் தனித்தனியாகக் கண்டு வரைந்தது. அப்போது கிடை அச்சில் வெப்பநிலை கிடையாது, நிறமும் நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டை) வகையும்தான். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் வரிசை. நீலம் என்றால் சூடு அதிகம், அதனால் வெப்பநிலையாக மாற்றி எழுதியபோது பெரிய எண் இடப்பக்கம் நின்றுவிட்டது. பழைய வழக்கம், இனி மாறாது. பரிட்சை எழுதப் போகிறாய் தம்பி, தாளைக் கையில் வாங்கியதும் சூடு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று ஒரு அம்புக்குறி போட்டுவிடு.

நீ தடுக்கி விழுவது அநேகமாக நிலை அச்சில்தான். அது லாக் அளவு. 1, 10, 100, 1000 என்று சம இடைவெளியில் போட்டிருப்பார்கள். ஒரு நட்சத்திரம் 100-க்கும் 1000-க்கும் சரி பாதியில் இருந்தால் 550 என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை போகும். அங்கே சம தூரம் என்பது கூட்டல் இல்லை, பெருக்கல். பாதி வழி என்றால் 10-இன் வர்க்கமூலம், அதாவது 3.16 மடங்கு, ஆகவே 316. கால் வழி என்றால் 178. இந்த இரண்டை மனதில் வைத்துக்கொண்டால் மீதியைக் கண்ணாலேயே போட்டுவிடலாம்.

இப்போது ஆரம். ஒளிர்திறன் (நட்சத்திரம் மொத்தமாக வெளிவிடும் ஒளி) என்பது ஆரத்தின் வர்க்கம் பெருக்கல் வெப்பநிலையின் நான்காம் படி. எல்லாவற்றையும் சூரியனின் மடங்காக எழுதினால் பை, சிக்மா எல்லாம் போய்விடும். திருவாதிரையை எடுத்துக்கொள்வோம், மார்கழியில் கோவிலில் கொண்டாடுகிறோமே, அந்தச் செந்நிற நட்சத்திரமேதான். வெப்பநிலை சுமார் 3,500 கெல்வின், ஒளிர்திறன் சூரியனைப்போல் ஏறக்குறைய 1 லட்சம் மடங்கு. சூரியன் 5,800. 1 லட்சத்தின் வர்க்கமூலம் 316. 5,800-ஐ 3,500-ஆல் வகுத்து வர்க்கம் செய்தால் 2.75. பெருக்கினால் 870 சூரிய ஆரம். நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். மறுகோடியில் சிரியஸின் துணை நட்சத்திரமான வெண்குறு மீன்: 25,000 கெல்வின், ஆனால் ஒளிர்திறன் சூரியனில் நாற்பதில் ஒரு பங்கு. அதே வழியில் போட்டால் 0.0085 சூரிய ஆரம், கிட்டத்தட்ட பூமி அளவு. கணக்குப் போடுவதற்கு முன்பே விடை எந்தப் பக்கம் வரும் என்று கிராஃபே சொல்லிவிடும் பார். சூடு குறைவாக இருந்தும் வெளிச்சம் அதிகம் என்றால் உடம்பு பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? வலது மேல் மூலையில் பூதங்கள், இடது கீழ் மூலையில் பொடியன்கள். உன் விடை இதற்கு மாறாக வந்தால் அச்சைத் தப்பாகப் படித்திருக்கிறாய்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆசிரியர்களே சிலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலான நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும் பட்டை ஒன்று கிராஃபில் குறுக்கே ஓடுகிறதே, அந்த முதன்மைத் தொடர் நட்சத்திரங்கள் வழுக்கி இறங்கும் சறுக்கு மரம் இல்லை. ஒரு நட்சத்திரம் அதில் எங்கே உட்காரும் என்பதைப் பெரும்பாலும் அதன் நிறைதான் தீர்மானிக்கிறது, உட்கார்ந்தால் ஆயுளின் பெரும்பகுதி அதே இடத்தருகில்தான். அதோடு, கிராஃபில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நட்சத்திரங்கள் வானத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது ஊர் வரைபடம் இல்லை.

கேள்வி: நிழலே விழாத நாள் சென்னைக்கு ஏப்ரலில் வரும் என்று பேப்பரில் படித்தேன். எங்கள் ஊருக்கு எப்போது? அதை ஏதோ வளைகோட்டை வைத்து நாமே கண்டுபிடிக்கலாமாமே?
– தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: கண்டுபிடிக்கலாம், கணக்கே தேவையில்லை. கிடை அச்சில் ஜனவரி முதல் டிசம்பர் வரை, நிலை அச்சில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அல்லது தெற்கே எத்தனை டிகிரியில் உச்சி காய்கிறது என்பது. மார்ச் 20 வாக்கில் பூஜ்யம், ஜூன் 21 வாக்கில் வடக்கே 23.4, செப்டம்பர் 22, 23 வாக்கில் மறுபடி பூஜ்யம், டிசம்பர் 21, 22 வாக்கில் தெற்கே 23.4. இந்தப் புள்ளிகளை அலைபோல் இணைத்துவிட்டு, உங்கள் ஊரின் அட்சரேகையில் ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். கோத்தகிரிக்கு 11.4. கோடு வளைவை எங்கே வெட்டுகிறதோ அதுதான் உங்கள் நாள், அன்றைக்குத்தான் உச்சிவேளையில் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே. இரண்டு இடத்தில் வெட்டும்: ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23 வாக்கில். ஊட்டிக்கும் இதேதான். கொடைக்கானல் 10.2, அதற்கு ஏப்ரல் 16 அல்லது 17, அப்புறம் ஆகஸ்ட் 26 வாக்கில்.

கையால் வரைந்த கோட்டிலேயே தேதி இவ்வளவு சரியாக வருவதற்குக் காரணம், ஏப்ரலில் அந்த வளைவு செங்குத்தாக ஏறிக்கொண்டிருப்பது. ஒரு டிகிரிக்கு மூன்று நாள்கூட ஆகாது. அதனால் நிலை அச்சில் கொஞ்சம் தப்பினாலும் கிடை அச்சில் பெரிதாகத் தப்பாது. அதையே போபால்காரர் செய்தால் பாவம், அவர் ஊர் 23 டிகிரியைத் தாண்டி இருக்கிறது, கோடு வளைவின் தட்டையான உச்சியை உரசிக்கொண்டு போகும், பென்சில் முனையின் தடிமனே ஒரு வாரத்தை மறைத்துவிடும். கிராஃபில் எந்த இடம் செங்குத்து, எந்த இடம் தட்டை என்று பார்க்காமல் விடையை இரண்டு தசமத்துக்கு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

நேரமும் முக்கியம். கடிகாரத்தில் 12 ஆனதும் முற்றத்தில் குச்சியை நட்டுவிட்டு நிழல் இருக்கிறதே என்று எழுதாதீர்கள். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, நீங்கள் 77-க்குக் கொஞ்சம் மேற்கே. டிகிரிக்கு 4 நிமிடம். ஏப்ரலில் உங்கள் உச்சிவேளை 12.20-ஐத் தாண்டித்தான். ஆகஸ்டை நம்பி இருக்காதீர்கள், மேகம் விடாது.

கேள்வி: கொடைக்கானலில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். சூரியப் புள்ளிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில் வரிசையாகப் பட்டாம்பூச்சிகள் போல் ஒரு படம் பார்த்தேன். புள்ளிகள் மேலிருந்தும் கீழிருந்தும் நடுவுக்கு ஊர்ந்து வருகின்றன என்று பயணிகளுக்குச் சொல்லலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். படம் அப்படித்தான் நினைக்க வைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அச்சைப் பாருங்கள். கிடை அச்சில் வருடங்கள், நிலை அச்சில் சூரியனின் அட்சரேகை. அதில் ஒவ்வொரு பொட்டும் அந்த மாதத்தில் அந்த அட்சரேகையில் ஒரு புள்ளி இருந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. ஒரு புள்ளியின் ஆயுள் சில நாள், மிஞ்சிப்போனால் சில மாதம். அது 30 டிகிரியில் பிறந்து வருடக்கணக்கில் நடந்து நடுக்கோட்டுக்கு வருவதில்லை. புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சி ஒன்று உண்டு, அதன் தொடக்கத்தில் புதுப் புள்ளிகள் 30 டிகிரி வாக்கில் பிறக்கின்றன, வருடம் போகப் போக அடுத்தடுத்துப் பிறப்பவை நடுக்கோட்டுக்குக் கிட்டக் கிட்டப் பிறக்கின்றன. சுமார் 11 வருடத்துக்கு ஒரு பட்டாம்பூச்சி. முதலில் இதை வரைந்தவர்கள் எட்வர்ட், ஆனி மாண்டர் தம்பதி, 1904 வாக்கில்.

பயணிகளுக்குச் சொல்ல வேறு நல்ல கதை உங்கள் மலையிலேயே இருக்கிறது. 1909 ஜனவரியில் கொடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளியின் நிறமாலையைப் படம் எடுத்தார். இருண்ட நடுப்பகுதியைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று உண்டு, அந்த இடத்தில் மட்டும் நிறமாலைக் கோடுகள் நேராக இல்லாமல் லேசாகச் சாய்ந்திருந்தன. ஒரு பக்கம் நீலத்தை நோக்கி, மறுபக்கம் சிவப்பை நோக்கி. வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம். புள்ளி சூரியனின் நடுவில் இருந்தபோது சாய்வு இல்லை, விளிம்புப் பக்கம் போனபோது தெரிந்தது. இந்த ஒன்றை வைத்தே திசையைச் சொல்லிவிடலாம். வாயு மேலும் கீழும் போனால் நடுவில்தான் அதிகம் தெரிந்திருக்கும். விளிம்பில் தெரிகிறதென்றால் அது தரையோடு தரையாக, புள்ளியின் உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. அந்தச் சாய்வு எவ்வளவு சின்னது தெரியுமா? வேகம் வினாடிக்கு 2 கி.மீ. என்றால் ஒளியின் வேகத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு, ஆகவே 6,000 ஆங்ஸ்ட்ராமில் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் மிகச் சின்ன அலகு) உள்ள கோடு 0.04 ஆங்ஸ்ட்ராம் நகரும். எவர்ஷெட் விளைவு என்று இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாடத்தில் இருப்பது இதுதான்.

கேள்வி: பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிற ரேடியோ டெலஸ்கோப்பை ஏன் சரிவில் கட்டினார்கள்? சமதரையே கிடைக்கவில்லையா?
– வாசகி, முத்தோரை பாலடா

பதில்: சரிவைத் தேடிக் கண்டுபிடித்துக் கட்டினார்கள்! ஒரு வட்டம் வரைந்து பூமியின் அச்சைச் செங்குத்தாகப் போடுங்கள். 11 டிகிரி வடக்கில் ஒரு புள்ளி வைத்து, அங்கே தரையைத் தொடுகோடாக வரையுங்கள். தொடுகோட்டுக்கும் பூமியின் அச்சுக்கும் இடையில் உள்ள கோணம் சரியாக 11 டிகிரி வரும். எந்த ஊரானாலும் அந்தக் கோணம் அந்த ஊரின் அட்சரேகைதான், துருவ நட்சத்திரம் உங்கள் ஊரில் அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில் தெரிவதும் அதனால்தான். இப்போது அந்த இடத்தில் தெற்கு வடக்காக 11 டிகிரி சரிந்த மலைச்சரிவு இருந்தால், சரிவோடு படுத்துக் கிடக்கும் 530 மீட்டர் நீள டெலஸ்கோப் பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அதை நீளவாக்கில் ஒரே ஒரு அச்சில் மெதுவாகப் புரட்டினால் போதும், பூமி சுற்றுவதை ஈடுகட்டி ஒரே பொருளை 9 மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். ரேடியோ வானவியல் அறிஞர் கோவிந்த் ஸ்வரூப்பின் யோசனை, 1970-ல் வேலைக்கு வந்தது.

கேள்வி: ஒரு நட்சத்திரத்தின் ஒளி கிராஃபில் பெரிய பள்ளமாக விழுகிறது, அதை மறைத்த கோள் ரொம்பப் பெரியது என்று எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது.
– கல்லூரி மாணவர், கூடலூர்

பதில்: நிலை அச்சு எங்கே தொடங்கியது? 0.98-லிருந்து என்று நினைக்கிறேன். பூஜ்யத்திலிருந்து வரைந்திருந்தால் அந்தப் பள்ளம் கண்ணுக்கே தெரிந்திருக்காது. ஒளி குறைந்த பங்கின் வர்க்கமூலம்தான் கோள், நட்சத்திரம் இரண்டின் ஆரங்களின் விகிதம். 1999-ல் இப்படிப் பார்க்கப்பட்ட முதல் கோள், ஹெச்.டி. 209458 என்ற நட்சத்திரத்தைச் சுற்றுவது, அதன் ஒளியைக் குறைப்பது ஒன்றரை சதவீதம். 0.015-இன் வர்க்கமூலம் 0.12. நட்சத்திரத்தில் எட்டில் ஒரு பங்கு அகலம். பூமி சூரியனை மறைத்தால் 0.01 சதவீதம்கூட வராது.

கேள்வி: டீச்சர், நான் பத்தாவது படிக்கிறேன். அல்கால் நட்சத்திரம் மங்கி மங்கிப் பிரகாசமாகும் என்று படித்துவிட்டு, தினமும் ராத்திரி 8 மணிக்குப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு மேக்னிட்யூட் (பிரகாசத்துக்கான எண்) குறித்தேன். கிராஃப் போட்டால் ஒரே நேர்கோடு, நடுநடுவே ஒன்றிரண்டு புள்ளி மட்டும் தள்ளி நிற்கிறது. அதுவும் மேலே! மங்கினால் கீழே போக வேண்டாமா?
– மாணவன், பண்ணைக்காடு

பதில்: சபாஷ் தம்பி. மேலே நிற்பதற்குக் காரணம் ரொம்பச் சின்னது: மேக்னிட்யூட் கூடக் கூட நட்சத்திரம் மங்கல். அல்கால் வழக்கமாக 2.1, மங்கும்போது 3.4. அதனால் வானவியலில் அந்த அச்சைத் தலைகீழாக, சின்ன எண் மேலே வருமாறு போடுவார்கள். திருப்பிப் போடு, பள்ளம் கீழே வந்துவிடும்.

நேர்கோடு வந்தது உன் கண்ணின் குறை இல்லை. அல்கால் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரம், மங்கலானது பிரகாசமானதன் முன்னால் வரும்போது மங்குகிறது, அது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை. முழுக் கிரகணமும் ஏறக்குறைய 10 மணி நேரத்தில் முடிந்துவிடும். நீ ஒரு நாளைக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறாய், பெரும்பாலான நாள் அது பிரகாசமாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு ஐப்பசி கார்த்திகையில் உங்கள் பக்கம் மழை, பாதி நாள் வானமே இருக்காது.

ஆனாலும் உன் குறிப்பைத் தூக்கிப் போடாதே, அதற்குள்ளேயே முழு வளைவும் இருக்கிறது. நன்றாக மங்கித் தெரிந்த ஒரு ராத்திரியைப் பூஜ்யமாம் நாள் என்று வைத்துக்கொள். மற்ற ஒவ்வொரு குறிப்புக்கும் அன்றிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணி, அதை 2.867-ஆல் வகு. முழு எண்ணை விட்டுவிட்டுத் தசமத்தை மட்டும் எடு. 10-ஆம் நாள் என்றால் 3.488, அதில் 0.488. 20-ஆம் நாள் 6.976, அதில் 0.976. இப்போது கிடை அச்சில் தேதிக்குப் பதிலாக இந்தத் தசமத்தைப் போட்டு, 0 முதல் 1 வரை ஒரே ஒரு சுற்றாகக் கிராஃபை மறுபடி வரை. வெவ்வேறு வாரத்தில் பார்த்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். 0.1-லிருந்து 0.9 வரை சமதளம் (0.5-இல் ஒரு சின்னப் பள்ளம் உண்டு, வெறும் கண்ணுக்குப் பிடிபடாது), இரண்டு ஓரத்திலும் சரிவு. ஓரங்களில் புள்ளி போதவில்லை என்றால் எந்த ராத்திரி பார்க்க வேண்டும் என்பதையும் இதே கணக்கு சொல்லும்: இன்றைக்கு 11 மணிக்கு அடி மங்கல் என்றால், மூன்று நாள் கழித்து 7 மணி 49 நிமிடத்துக்கு. அன்றைக்கு 6.30-லிருந்தே வெளியே நின்று, அரை மணிக்கு ஒரு முறை குறித்துக்கொள்.